குதிரைக்குப் படுக்கை தேடிய ராஜா

மலைகள் எல்லாம் இளவட்டமாக இருந்த காலம் அது. அப்போது பூவரசங்காடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு வில்லவராயன் என்று ஒரு ராஜா இருந்தான். சின்னவர்களே, பெரியவர்களே, சிரிக்காமல் கேளுங்கள். நாடு ரொம்பச் சின்னது. ராஜா அரண்மனையில் தும்மினால் பக்கத்து நாட்டுக்காரர்கள் “நூறு வயசு” என்று வாழ்த்துவார்கள்.

சின்ன நாடுதான். ஆனாலும் அதில் ஒரு மலை இருந்தது, ஓர் ஏரி இருந்தது, ஒரு சந்தை இருந்தது. ராஜாவுக்கு ஒரு குதிரையும் இருந்தது. பெயர் கருக்கல். இன்னொரு குதிரை வாங்கக் கஜானாவில் வழியில்லை. கஜானா என்பதே ஒரு பானைதான்.

அந்தப் பக்கத்து ராஜ்ஜியங்களில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் பிறந்ததும் ராஜா தன் குதிரைமேல் ஏறி வெளியே கிளம்பவேண்டும். குதிரை எங்கே திரும்புகிறதோ அங்கேதான் நாட்டின் எல்லை. அடிக்கக்கூடாது, அதட்டக்கூடாது, கொள்ளு காட்டி ஆசை மூட்டவும் கூடாது. பக்கத்து நாட்டு அதிகாரி ஒருவர் வண்டியில் எல்லைக்கல்லோடு பின்னாலேயே வருவார். குதிரை திரும்பிய இடத்தில் கல்லை நட்டுவிட்டுப் போவார்.

கருக்கல் ஒவ்வொரு வருஷமும் சந்தையைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, மலையைச் சுற்றி வந்தது. ஒரு குறையும் இல்லை.

பிறகு மழை தப்பிய காலம் வந்தது. வைக்கோல் கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்ததை உழவு மாடுகளுக்குப் போட்டார்கள். லாயத்தில் குதிரைக்குக் கீழே விரிக்க எதுவும் இல்லை. லாயத்துத் தரையோ கருங்கல். மூத்திரம் தேங்கி நாள் முழுக்க ஈரம். குதிரை எந்நேரமும் அதில்தான் நிற்கவேண்டும்.

ராஜா தன் சபையைக் கூட்டினான். சபை என்றால் மூன்று பேர். தளபதி, ஜோசியர், புலவர்.

“செலவில்லாமல் குதிரைக்கு ஒரு படுக்கை வேண்டும். சொல்லுங்கள்” என்றான்.

தளபதி மீசையைத் தடவினார். “படுக்கையா? குதிரைக்கா? அரசே, நானெல்லாம் பாறையில படுத்து, பாறையைத் தலைக்கு வெச்சு, பாறையைப் போத்திக்கிட்டுத் தூங்குனவன். வெறுந்தரைதான் வீரத்துக்கு அழகு!”

ராஜாவுக்கு இது பிடித்திருந்தது. செலவே இல்லை அல்லவா? கருக்கல் அந்த வருஷம் வெறும் ஈரக்கல்லில் நின்றது. குளம்பு வெடித்தது. தை பிறந்தது. குதிரை சந்தையைத் தாண்டியது, ஏரியைத் தாண்டியது, மலையை ஒருமுறை பார்த்தது. திரும்பிவிட்டது.

“கல்லை இங்க நட்டுக்கட்டுங்களா? தப்பா நினைச்சுக்காதீங்க, நம்ம பொழப்பு இதுங்க” என்றார் பக்கத்து நாட்டு அதிகாரி. மலை போயிற்று.

அடுத்த வருஷம் ஜோசியர் கண்ணை மூடினார். விரலை மடக்கினார். மூக்கால் பேசினார். “தர்ப்பை விரிக்கணும். வேர் கிழக்கே, நுனி மேற்கே. ஏரிக்கரையில சும்மாவே கிடைக்கும். கிரகம் எல்லாம் கையைக் கட்டிண்டு நிக்கும்.”

விரித்தார்கள். கருக்கல் அதை வேர் முதல் நுனி வரை தின்றுவிட்டது. மறுபடி விரித்தார்கள். மறுபடி தின்றது. ஜோசியர் அதைச் சுபசகுனம் என்றார். தை பிறந்தது. குதிரை நொண்டிக்கொண்டே சந்தையைத் தாண்டியது, ஏரியைப் பார்த்தது. திரும்பிவிட்டது.

“கல்லை இங்க நட்டுக்கட்டுங்களா?” ஏரியும் போயிற்று.

மூன்றாம் வருஷம் புலவர் எழுந்தார். மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆகா! கோயிலில் கழித்த மாலைகள் எத்தனை! எத்தனை! பூமெத்தையில் புரவி! ஈடுண்டோ இவ்வுலகில், ஈடுண்டோ?”

ஈடு இல்லைதான். பூ மூன்றாம் நாளே அழுகியது. குதிரை வழுக்கியது. ஈக்கள் குடித்தனம் வந்தன. குளம்பில் சீழ் பிடித்தது. தை பிறந்தது. குதிரை சந்தை வாசல் வரை வந்து, ஒரு வெண்டைக்காய்க் கடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. திரும்பிவிட்டது.

“கல்லை...” என்று ஆரம்பித்தார் அதிகாரி.

“நட்டுத் தொலையுங்கள்” என்றான் ராஜா.

இப்போது நாட்டில் மிச்சம் இருந்தது அரண்மனை, லாயம், கயிறு திரிப்பவர்கள் தெரு. அவ்வளவுதான். புலவர் வீடு வெளிநாட்டுக்குப் போய்விட்டது. அவர் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்தார்.

ராணியின் பெயர் செங்கழுநீர். அவள் ராஜாவுக்குச் சோறு போட்டபடி கேட்டாள். “வர்ற தைக்கு உங்க குதிரை வாசல்படியிலயே நின்னுருச்சுன்னா, இந்த அடுக்களை யாருது? கேட்டு வெச்சுக்கிட்டா நல்லது. புளி வாங்கணும்.”

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து லாயத்துக்குப் போனான். கருக்கலைக் காணோம். கட்டியிருந்த கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு நொண்டி நொண்டிப் போயிருந்தது. குளம்படியைப் பார்த்துக்கொண்டே ராஜா நடந்தான். அது கயிற்றுக்காரர் தெருவில் போய் முடிந்தது.

அங்கே ஒரு களம். தேங்காய் மட்டையைத் தட்டி நார் எடுத்தபின் உதிர்கிற தூள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தது. பொசுபொசுவென்று, பழுப்பாக, உலர்ந்து கிடந்தது. அதன் நடுவில் கருக்கல் காலை நீட்டிப் படுத்திருந்தது. ராஜா திகைத்து நின்றான். மூன்று வருஷமாகக் குதிரை படுத்து அவன் பார்த்ததே இல்லை.

கயிறு திரிக்கும் தாயம்மை திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். “எந்தக் கட்டையில போறவன்யா குதிரைய அவுத்து விட்டது?” பிறகு திரும்பிப் பார்த்தாள். “ஐயோ! நல்லாயிருங்க சாமி, நீங்களா?”

ராஜா தூளில் ஒரு கை அள்ளினான். குதிரையின் மூக்கருகே நீட்டினான். குதிரை முகர்ந்தது, தின்னவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைத் தூளில் ஊற்றினான். தூள் குடித்துவிட்டது. மேலே ஈரம் நிற்கவில்லை.

“இதைத் தருவாயா, அம்மா?”

“இந்தக் குப்பையவா? கொட்ட இடமில்லாம நாங்களே முழிச்சிக்கிட்டு நிக்கிறோம். வண்டி வண்டியா அள்ளிக்கிட்டுப் போங்க சாமி.”

சபை கூடியது. “வீரத்துக்கு இழுக்கு!” என்றார் தளபதி. “சாஸ்திரத்துல இல்லையே” என்றார் ஜோசியர். “குப்பையில் புரவியா? எதுகைகூட வராதே!” என்றார் புலவர்.

ராஜா மூவரையும் பார்த்தான். “உங்களில் யாருக்கு நாலு குளம்பு இருக்கிறது?” என்று கேட்டான்.

மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் இல்லை.

ராஜாவே கூடையைத் தூக்கினான். தெரு மொத்தமும் பார்த்தது. “ராஜா குப்பை அள்ளுறாருடோய்!” என்று யாரோ கூவினார்கள். அவன் அள்ளினான். காலையில் நனைந்த தூளை வாரி எடுத்தான், புதுத்தூளைப் போட்டான், குளம்பைத் துடைத்து மருந்து வைத்தான். நாள்தோறும் இதையே செய்தான். சீழ் வற்றியது. வெடிப்பு மூடியது. குளம்பு இறுகியது.

தை பிறந்தது. பக்கத்து நாட்டு அதிகாரி கல்லை இறக்க வசதியாக அரண்மனை வாசலிலேயே வண்டியை நிறுத்தியிருந்தார்.

கருக்கல் வண்டியைத் தாண்டியது. சந்தையைத் தாண்டியது. ஏரியைத் தாண்டியது. மலையைச் சுற்றியது. நிற்கவில்லை. பக்கத்து நாட்டு வயலில் இறங்கியது, தோப்பில் நுழைந்தது, அவர்கள் தலைநகரத்துக் கோபுரம் தெரிகிற மேடுவரை ஏறிவிட்டது.

அதிகாரி வண்டியோடு ஓடிவந்தார். “போதுமுங்க ராஜா! அதோ தெரியறது நம்ம மாமியார் வூடுங்க!”

“அதட்டக்கூடாது என்பது வழக்கம் அல்லவா?” என்றான் ராஜா.

அப்போது பொழுது சாய்ந்தது. கருக்கல் நின்றது. காதை ஆட்டியது. லாயத்தில் உலர்ந்த தூளில் அது படுக்கும் நேரம். சட்டென்று திரும்பி வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. அதிகாரி அந்த மேட்டிலேயே கல்லை நட்டார்.

படுக்கை கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் வில்லவராயன் அன்றைக்கே பேரரசன் ஆகியிருப்பான். அவன் வருத்தப்படவில்லை. குதிரையைக் கட்டிவிட்டு, அடுக்களை நம்முடையதுதான் என்று சொல்ல ராணியிடம் போனான்.

இந்தக் கதையின் நீதி: ஒரு பொருள் மலிவா என்று கேட்பதற்கு முன்னால், அதை அனுபவிக்கப் போகிறவருக்கு அது ஒத்துவருமா என்று பார்க்கவேண்டும்.