துப்பிவிட்ட டிஸ்க்

ரெஜினா டீச்சரிடம் ஒன்று கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. டிவியோடு மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். அதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. வாயிலும்தான்.

அவரிடம் தொழில் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நிலைத்து நின்றவன் பொன்னுரங்கம். மில்லை மூடியதும் வந்து சேர்ந்தவன், டீச்சரைவிட வயதில் மூத்தவன். அவர் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றமாட்டான். டீச்சர் மகளோடு வெளிநாடு போகிறார், கடை இனி நமக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டான்.

அன்று காலையில்தான் விஷயம் காதில் விழுந்தது. கடை வளர்மதிக்காம். இங்கே தொழில் படித்துவிட்டு, போன வருஷம் டீச்சரிடமே கத்திவிட்டுப் போனாளே, அதே வளர்மதிக்கு!

அவனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் நேராகக் கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர்லயும் கேம் ஆடலாம், போன்லயும் ஆடலாம். அப்புறம் இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன தனி வித்தியாசம்?"

டீச்சர் மேஜை டிராயரிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். "வளர்மதி எழுதின கேம். போடுய்யா."

கம்ப்யூட்டரில் போட்டான். ஒரு ஆட்டுக்குட்டி வேலி தாண்டிக் குதித்தது. டீச்சர் தன் போனை நீட்டினார். அதிலும் அதே ஆட்டுக்குட்டி. பஸ்ஸில் போகும்போது ஆடுவாராம்.

பெட்டியில் போட்டான். உர்ரென்று சுற்றியது. 'இந்த டிஸ்க் செல்லாது' என்று காட்டிவிட்டு வெளியே துப்பியது.

"பெட்டி ரிப்பேரா டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டருக்கு இருக்கிற மூளை இதுக்கும் இருக்கு. செஞ்சவன் அனுமதிக்காத எதையும் தொடாதேன்னு சொல்லி வச்சிருக்கான். தொடாது. அதனால தொந்தரவே இல்ல. ஸ்விட்சைப் போட்டா ஆட்டம். போன் மாதிரி ஊர் சுத்தாது, வச்ச இடத்துல கிடக்கும்."

"நல்ல விஷயம்தானே டீச்சர்?"

"நல்ல விஷயம்தான். செஞ்சவன் கடையைக் கட்டற வரைக்கும்."

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா? அவ தானா திறந்து பாக்கறேன்னு எத்தனை போர்டை எரிச்சா!"

"எரிச்சா. அப்புறம் கத்துக்கிட்டா."

"நானும் திறக்கத்தான் போனேன் டீச்சர், வந்த புதுசுல. நீங்கதானே கையில அடிச்சீங்க? சொன்னதை மட்டும் செய்யுய்யான்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் டிஸ்க்கைத் துடைத்து உறைக்குள் போட்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா, அடிச்சேன். அன்னிக்கு எனக்கு ஒரு பெட்டிதான் வேண்டியிருந்தது."