உருக்கின் நஞ்சகற்றிய சென்னியப்பர்

கொங்கு நாட்டு எஃகு வார்ப்பாலை ஒன்றில் அலுமினியக் கட்டி எறியும் கூலியாளாக இருந்தார் சென்னியப்பர். உலையிலிருந்து பெரிய வாளிக்கு இறங்கும் உருக்கில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அப்படியே வார்த்தால் உள்ளே ஓட்டை விழுந்து இரும்பு ஒருநாள் முறியும். அலுமினியம் அந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு கசடாக மேலே மிதந்துவிடும். ஒவ்வொரு கட்டியையும் "நஞ்சுண்டவரே" என்று சொல்லித்தான் எறிவார்.

தம் தம்பி அதே உலையடியில் வெந்து மாண்டதைக் கண்டவர் அவர். அன்று முதல் உலை சாயும் ஒலி கேட்டாலே ஓரடி பின்வாங்குவார். உலைக்காரர் செங்கோடன் சிரிப்பார்: "உங்க சாமி நஞ்சையே குடிச்சாருங்க. நீங்க புகைக்கே நடுங்கறீங்களே!" சென்னியப்பர் அடுத்த கட்டியை எடுப்பார்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் கூரை ஒழுகியது. உருக்கு இறங்கிக்கொண்டிருக்கையில் கட்டியைத் தொட்டவருக்கு விரல் நனைந்தது. ஈரம் உள்ளே போனால் உருக்கு வெடித்துச் சிதறும்.

"போடுங்க! எதுக்கு நிக்கறீங்க?" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

"ஈரமுங்க. போட்டா ஒருத்தரும் மிஞ்சமாட்டோமுங்க."

"அப்ப விடுங்க. அப்படியே வார்த்துக்கலாம்."

வார்க்கவிருந்தவை பஸ் சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகள். மலைப்பாதையில் சக்கரம் கழன்று உருளும் பஸ்ஸும் அதற்குள் அலறும் பிள்ளைகளும் அவர் கண்முன் வந்தார்கள். காய்ந்த கட்டிகள் வாளி நிற்கும் குழிக்கு அப்பால் இருந்தன. இடையே, கொதிக்கும் வாளியை ஒட்டி இரண்டு சாண் அகலப் பாதைதான்.

"நஞ்சுண்டவரே, பயமா இருக்குதுங்க" என்று வாய்விட்டு அழுதபடியே அவர் அதில் கால் வைத்தார். தீப்பொறிகள் மழையாய்க் கொட்டின. புருவம் கருகும் வாடை வந்தது. தம்பியின் கூக்குரல் காதில் ஒலித்தது. கண்களை மூடிக்கொண்டு நடந்தார். அப்பால் சேர்ந்ததும் காய்ந்த கட்டிகளை ஒவ்வொன்றாக எறிந்தார். குமுறிய உருக்கு மெல்ல அடங்கிக் கண்ணாடிபோல் நின்றது.

செங்கோடன் ஓடிவந்து அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை.

"உங்களுக்கும் வாளிக்கும் நடுவுல நடந்து வந்தாரே, அவரு யாருங்க? கழுத்தெல்லாம் நீலமா இருந்துச்சே!"

சென்னியப்பர் திரும்பிப் பார்த்தார். பாதையில் எவரும் இல்லை. "பயந்தவனுக்குமா வந்தீங்க?" என்று தரையில் விழுந்து விம்மினார். முன்பு கேலியாய்ச் சிரித்த செங்கோடனும் அவரருகே விழுந்து வணங்கினார்.

அஞ்சி நடுங்கியும் பிறர் உயிருக்காக அடியெடுத்து வைத்த அந்தப் பாதங்களை நாமும் போற்றுவோம்.