நட்சத்திரத்துக்கு மை

முதலில் ஸவேலி மற்றக் கைதிகளின் ரொட்டியில் பங்கு கேட்டான், கொடுத்தார்கள். அடுத்து அடுப்போரக் கட்டிலைக் கேட்டான், விட்டுக்கொடுத்தார்கள். அதன்பிறகு, அவனை எதிர்த்து முணுமுணுத்தவர்கள் ஒவ்வொருவராக, கேப்டன் ஷெலேகோவின் உத்தரவில், தனிக்கொட்டடிக்குப் போனார்கள். யார் போட்டுக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியாக ஸவேலி, அந்த சைபீரியச் சிறையில் பச்சை குத்தும் கைதி யெஃபிமிடம் வந்தான்.

"என் முழங்கால் ரெண்டுலயும் நட்சத்திரம் குத்துடா."

யாருக்கும் மண்டியிடாதவன் என்று அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம். தகுதியில்லாதவனுக்குக் குத்தினால் மற்றக் கைதிகள் யெஃபிமின் விரல்களை ஒடிப்பார்கள். மறுத்தால் ஸவேலியே ஒடிப்பான்.

"குத்திடலாம் அண்ணே," என்றான் யெஃபிம் பணிவாக. "பூட்ஸ் குதியைக் கருக்கித்தானே நமக்கு மை? இதுக்கு உங்க சொந்த பூட்ஸ்தான் வேணும். அடுத்தவன் பூட்ஸ்னா நட்சத்திரமும் அடுத்தவனுக்குத்தான்."

"சீட்டாட்டத்துல ஜெயிச்சதுடா இது! என்னுதேதான்!" ஸவேலி பெருமையாகக் கழற்றி வீசினான்.

பாவம், அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதிகாரிகளின் பூட்ஸ் மாறிப்போகாமலிருக்க உள்ளே பெயர் எழுதிவைப்பார்கள் என்பதும் தெரியாது. அங்கே எந்த அதிகாரியும் கைதியோடு சீட்டாடியதில்லை. காரியம் ஆகாமல் கைதிக்கு பூட்ஸ் கொடுத்ததுமில்லை.

யெஃபிம் பூட்ஸை வெளிச்சத்தில் பிடித்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தனிக்கொட்டடிக்குப் போய்வந்தவங்க எல்லாரும் முன்னாடி வாங்கப்பா! அண்ணனுக்குக் கூலி கொடுத்தவர் பேரைப் படிக்கிறேன், நல்லாக் கேட்டுக்கோங்க."

எல்லோரும் எழுந்து வந்தார்கள். யெஃபிம் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தான்:

"கேப்டன் ஷெலேகோவ்!"