காத்தாயி பிடுங்காத செடிகள்

கேளுங்கள், சொல்கிறேன். மலைக்கும் ஆற்றுக்கும் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். அப்போது ஒரு ராஜா இருந்தார். அவருக்கு வாள் பிடிக்கத் தெரியுமோ தெரியாதோ, நல்ல எள் எது, சொத்தை எள் எது என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்.

அவர் நாட்டில் ஒரு வழக்கம். எள் காய் பிடிக்கும் நேரத்தில் ராஜாவின் விதை மணியம், விதை தேர்ந்தெடுக்கும் அதிகாரி, வருவார். ஏரிக்குக் கீழே உள்ள வயல்களில் மிக நல்ல வயலைத் தேடி வேப்பங்குலை கட்டுவார். அந்த வயல் எள்தான் அடுத்த வருடம் நாட்டுக்கே விதை. ஏரித் தண்ணீர் பாய்ச்சும் முறையிலும் வருடம் முழுக்க அந்த வயலுக்குத்தான் முதல் இடம்.

அந்த ஏரிக்குக் கீழே அண்ணன் தம்பி இருவரின் வயல் அடுத்தடுத்து இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. ஆண்கள் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெள்ளாமை பார்த்தது பெண்டாட்டிமார். மூத்தவள் காத்தாயி, இளையவள் பவளம்.

மூன்று வருடம் வேப்பங்குலை காத்தாயி வயலில் கட்டினார்கள். நாலாம் வருடம் அது வரப்பைத் தாண்டிவிட்டது. அன்று பவளம் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். காத்தாயி சிரித்துக்கொண்டே வாங்கினாள். அவள் தலை மறைந்ததும் மாட்டுக்குப் போட்டாள். மாடு ருசித்துத் தின்றது. அதைப் பார்த்து அவளுக்கு மாட்டின் மேலும் கோபம் வந்தது.

அதிலிருந்து காத்தாயிக்குத் தன் வயல் கண்ணிலேயே படவில்லை. விடிந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்பாள். அவள் செடி இடுப்பளவு வந்துவிட்டதா? அவள் செடி பூத்துவிட்டதா? அவள் செடி காய்த்துவிட்டதா?

ஐந்தாம் வருடம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாசியில் விதைத்த எள் சித்திரை வெயிலில் காய் பிடித்தது. மண் கொதித்துக் கிடந்தது. அந்தக் கொதிப்பில் கரிநோய் வந்தது. நன்றாக நிற்கும் செடி திடீரென்று வாடும். தண்டின் அடி கறுக்கும். பட்டையை உரித்தால் உள்ளே கரித்தூளைத் தூவினாற்போல இருக்கும். மண்ணுக்குள் வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கிற நோய் அது.

இரண்டு வயலிலும் வந்தது.

பவளம் நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்தாள். அவள் வயல் தலையில் புழுவெட்டு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. காத்தாயிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அப்போது வரப்பில் வந்து நின்று பவளம் சொன்னாள். "அக்கா, உங்க பக்கமும் நோய் தெரியுது. செத்த செடியைப் பிடுங்கி எரிச்சிடுங்க."

காத்தாயி நினைத்தாள்: மணியம் வரும்போது என் வயலும் சொட்டையாகத் தெரியணுமாம். "என் செடி எனக்குப் பாரமில்லை, போ புள்ள" என்றாள்.

நாலு நாள் கழித்து வந்தாள். "அக்கா, வேப்பம் புண்ணாக்கை இடிச்சு, மக்கின எருவோட கலந்து வேரடியில போடுங்க. எங்கிட்ட மிச்சம் இருக்கு, தரட்டுமா?"

காத்தாயி நினைத்தாள்: அவள் வீட்டு மிச்சத்தைக் கொட்ட என் வயல்தான் கிடைத்ததா? "எங்க வீட்டுப் புண்ணாக்கு மாட்டுக்கே பத்தலை" என்றாள்.

மறுபடி நாலு நாள் கழித்து வந்தாள். "அக்கா, மண்ணு வெடிக்க விடாதீங்க. ஈரம் காயாமப் பாருங்க. காஞ்ச மண்ணுலதான் இது ஆட்டம் போடுது."

"எள்ளுக்குத் தண்ணி ஆகாதுன்னு தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். என் செடியை முழுக்காட்டிக் கொல்லப் பார்க்கிறியா?"

பவளம் அதற்கு மேல் வரவில்லை.

மணியம் வரும் நாள் காலையில் பார்த்தால், பாதையோரம் காத்தாயி வயலில் செடிகள் சாய்ந்து சொட்டை தெரிந்தது. நடுவயலில் பூவும் காயுமாக நின்ற நல்ல கிளைகளை ஒடித்து வந்து அந்த இடமெல்லாம் நட்டாள். செத்த செடிகளை உயிருள்ள செடிகளோடு சேர்த்துக் கட்டி நிறுத்தினாள். பாதையில் போனவர்கள், "சீப்பு வைத்து வாரின மாதிரி இருக்கே" என்று சொன்னார்கள்.

மணியம் வந்தார். கிழவர், முழங்கால் வலிக்காரர். காத்தாயி வயல் வரப்பில் கம்பை ஊன்றி நின்று, "அம்மா, நான் கண்ணால் பார்த்துக் கட்டுகிறவன் இல்லை. சொல்கிற இடத்தில் மூன்று செடி பிடுங்கிக் காட்டு" என்றார்.

முதல் செடி ஊதுபத்தி மாதிரி கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை.

"வேர் இல்லாமலே வளர்க்கிறாளே காத்தாயி, கைராசிதான்" என்றாள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் செடி அடியில் மொடுக்கென்று ஒடிந்தது. பட்டை உரிந்து அவள் உள்ளங்கை கரியாயிற்று.

மூன்றாவதை அவள் தொடவில்லை. மணியமே குனிந்து பிடுங்கினார். மேலே பச்சை. கீழே வேர் நார்நாராக அழுகியிருந்தது.

வரப்பைத் தாண்டினார். பவளம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூன்று செடியும் மண்கட்டியோடு, வெள்ளை வேரோடு வந்தன. மணியம் பையிலிருந்து வேப்பங்குலையை எடுத்தார். பவளம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் திரும்பிக் காத்தாயி வயலைப் பார்த்தார். குலையை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

"நீ செய்ததெல்லாம் சரி, தாயே. ஆனால் பக்கத்தில் இத்தனை செத்த செடி நிற்கிறது. மண்ணும் தண்ணீரும் வரப்பைப் பார்த்து ஓடுவதில்லை. விதையோடு நோயும் ஒட்டிப் போகும். இதை எப்படி நாட்டுக்கு விதையாகக் கொடுப்பேன்?"

வேப்பங்குலை ஏரியின் அடுத்த கோடியில் யாரோ ஒருவர் வயலுக்குப் போயிற்று. முதல் தண்ணீரும் அதோடு போயிற்று. நோய் கண்ட வயல்கள் என்பதால் இவர்கள் இருவருக்கும் மிஞ்சியது கடைசி முறை, கலங்கல் தண்ணீர்.

காத்தாயி வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பவளம் வயலில் குலை கட்டக் கூடாது. கட்டவில்லை. அன்று சோறு போட்டு உட்கார்ந்தாள். ஒரு கவளத்தோடு எழுந்து, மீதியை மாட்டுக்கு வைத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில், ஊர் பார்க்க, செத்த செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். வரப்பில் பவளம் வந்து நின்றாள். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

"ஒடிக்காதீங்க அக்கா. வேரோட எடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷமும் இந்த நோய் நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

கேட்டீர்களா? பொறாமை பிடித்தவருக்கு நல்ல வார்த்தையும் சூழ்ச்சியாகவே படுவதால், அவர் தன் நோயை மறைத்துத் தானும் கெட்டு, அடுத்தவரையும் கெடுத்துவிடுவார்.