விட்டுப்போன மணி

சொர்ணவேல் ஒரு கவனகர். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் கேட்பதற்கு எட்டுப் பதில் சொல்லும் வித்தைக்காரர். ஆறு மாதம் முன்பு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தலையில் லேசான அடி. "நல்லா ஆறிடுச்சு, பழையபடி வேலையைப் பாருங்க" என்று மருத்துவரே சொல்லிவிட்டார். வீட்டில் விட்டால்தானே! சாவியைத் தேடினால் போதும், "பாவம், தலையில அடிபட்டவர்" என்பார்கள். அவர் வாய் திறக்கும் முன்பே மனைவி பூரணி பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவாள். மனுஷன் பாதியாகிப் போனார்.

ஒருநாள் நேரே ஆசிரியை வேதநாயகியிடம் போய் நின்றார். வேதநாயகி அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்.

"அம்மா, சனிக்கிழமை நிகழ்ச்சியிலிருந்து என் பேரை எடுத்துடுங்க. கேள்விக்கும் பதில் சொல்லணும், நடுவில அடிக்கிற மணியையும் முதுகில விழுற பூவையும் எண்ணணும். மறதிக்காரனால ஆகிற காரியமா?"

"மறதிக்காரன்னு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. எனக்கும் தெரியுது."

வேதநாயகி பேரை எடுக்கவில்லை. பூரணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"முதுகில பூப் போடுறது உங்க பொறுப்பு. பின்னாடி நிக்கணும், வாயைத் திறக்கக் கூடாது."

"அவர் தடுமாறினா?"

"தடுமாறட்டும்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்டார். இன்னொருவர் பிறந்த தேதியைச் சொல்லிக் கிழமை கேட்டார். ஓரிடத்தில் வார்த்தை வராமல் சொர்ணவேல் நின்றுவிட்டார். பூரணி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பூவைப் போட்டாள்.

அடேயப்பா, வந்ததே வெண்பா! மடை திறந்த மாதிரி வந்தது.

"பூ முப்பத்தொண்ணு, மணி பதினேழு" என்று முடித்தார். பூ சரி. மணி பதினெட்டு. அதனால் என்ன? கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பூரணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மாலையும் கழுத்துமாக வந்த சொர்ணவேலின் முகத்தில் மட்டும் ஒரு குறை.

"ஒரு மணி விட்டுப்போச்சே அம்மா. எல்லாம் அந்த அடிதான்."

வேதநாயகி பைக்குள்ளிருந்து போன வருடக் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அதே மண்டபம். மணியில் மூன்று தவறு. கீழே சொர்ணவேலின் கையெழுத்து.

"மூணா!"

"மூணு. விட்டுட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனீங்க. அன்னைக்கு எங்க அடிபட்டுச்சு?"