மைனா கேட்டறியாத சொல்

குளத்தங்கரை நாவல் மரத்தில் கிண்கிணி என்றொரு மைனா வசித்தது. மாலையானால் அங்கே சொல் விளையாட்டு களைகட்டும். ஒருவர் ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் கிடைக்காமல் விழிப்பவர் தோற்றுப்போவார்.

"ஞ!" என்றது தவளை. இன்றைக்கு மைனா மாட்டிக்கொண்டது என்று அதற்கு நினைப்பு.

"ஞமலி!" என்றது கிண்கிணி, சட்டென்று.

"அப்படியென்றால் என்ன?" என்று கேட்டது அணில்.

"யாருக்குத் தெரியும்? அகராதியில் இருக்கிறது. அது போதாதா?"

எல்லாம் காட்டோரப் பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து பொறுக்கிய சொற்கள். தமிழாசிரியர் ஓர் அபூர்வச் சொல்லை உச்சரித்ததும் கிண்கிணி பறந்துவிடும். அவர் பொருள் சொல்லும்வரை இருக்க அதற்குப் பொறுமை கிடையாது. பள்ளிக் கூரையில் படுத்திருக்கும் காட்டுப்பூனையோ கடைசிவரை கேட்கும்.

ஒருநாள் அந்தப் பூனை நாவல் மரத்தடிக்கு வந்தது.

"புலவர் பெருமாட்டியே! உங்களை மிசைய வேண்டுமென்று எனக்கு வெகுநாள் ஆசை. நாளைக் காலை என் புதருக்கு வருவீர்களா?"

மிசைய! கிண்கிணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டறியாத சொல்! மாலை போட்டு மரியாதை செய்வதாக இருக்குமோ?

"கட்டாயம் வருகிறேன்!"

பூனை போனதும் அணில் பதறியது. "அடி பைத்தியமே! போவதாக இருந்தால் பொருளையாவது கேட்டுவிட்டு அப்புறம் கிட்டே போ!"

மறுநாள் கிண்கிணி புதருக்கு மேலிருந்த உயரமான கிளையில் போய் அமர்ந்தது. அணிலின் பேச்சு மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

"பூனையாரே, மிசைதல் என்றால் என்ன?"

"சொன்னால் புரியாது. கீழே இறங்கி வாருங்கள், செய்தே காட்டுகிறேன்!"

சொல்லும்போதே பூனையின் நாக்கு மீசையைத் துழாவியது. கிண்கிணி குனிந்து பார்த்தது. புதரடியில் காடை இறகுகள் சிதறிக் கிடந்தன.

"ஐயோ! தின்பதா?"

"வெகு சரி!" என்று பூனை தாவியது. கிண்கிணி விர்ரென்று எழும்பியது. பூனையின் வாயில் ஒரு வால் இறகு மட்டுமே மிஞ்சியது.

கிண்கிணி நேரே பள்ளி ஜன்னலுக்குப் போனது. மணி அடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பும்வரை அங்கிருந்து அசையவில்லை.

விளையாட்டில் வெல்லச் சொல் மட்டும் போதும். பிழைத்திருக்கப் பொருளும் தெரிய வேண்டும்.