நசுங்கிய தொட்டியும் மூன்று பேரும்

இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையம். அங்கே நான்கு மாடி உயரமுள்ள ஓர் இரும்புத் தொட்டி. கொதிகலன்களுக்குப் போகும் சுத்த நீர் அதில் இருந்தது. நீர் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத் தொட்டியின் கூரையில் ஒரே ஒரு காற்றுக்குழாய். அது அடைபட்டால் உள்ளே வெற்றிடமாகும். வெளிக்காற்றே தொட்டியை நசுக்கிவிடும். உள்ளிருந்து நீர் தள்ளுவதைத் தாங்கும் தகடு, வெளியிலிருந்து அழுத்தினால் தாங்காது.

பராமரிப்புப் பொறியாளர் மெர்லினுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே அழுத்தம் குறைந்தால் தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்றைக் கூடுதலாக வையுங்கள் என்று தலைமைப் பொறியாளர் கலியமூர்த்தியிடம் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"கட்டின நாளிலேர்ந்து ஒண்ணும் ஆகலையேம்மா" என்பதுதான் பதில். கேட்டுக் கேட்டு மெர்லினுக்கு வெறுத்துப் போயிற்று.

அப்போது கூரைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை வந்தது. துருவைச் சுரண்டும்போது துளித் தூசிகூட நீரில் விழக் கூடாது என்று உத்தரவு. ஒப்பந்த மேற்பார்வையாளர் இசக்கியப்பன் காற்றுக்குழாயின் வாயில் பாலிதீனைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இறங்கி வந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார்.

"தொட்டியை மூடியாச்சு சார்."

அங்கே பம்புகளைக் கவனிக்கும் ததேயு, வேலை முடிந்து, ஆள் இறங்கும் வாயை மூடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தத் தொட்டியிலிருந்து நீரை எடுக்கும் பம்பை ஓடவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தகடு முனகத் தொடங்கியது. அந்தப் பக்கம் வந்த மெர்லின் திரும்பிப் பார்த்தார். தொட்டியின் சுவர் உள்வாங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, பாலிதீனு!" என்று கத்திக்கொண்டே இசக்கியப்பன் கத்தியோடு ஏணியில் தாவினார். மெர்லின் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க மேடம், ஒரு கீறு கீறினாப் போதும்!"

"கூரை உள்ள போனா நீங்களும் உள்ள போயிருவீங்கண்ணே. இறங்குங்க!"

பிடியை விடாமலே ததேயுவுக்குப் போன் செய்தார். "பம்பை உடனே நிறுத்துங்க, தொட்டி நசுங்குது!"

"சும்மா நிறுத்தினா கொதிகலனுக்குத் தண்ணி நின்னுரும் மேடம். அடுத்த தொட்டிக்கு மாத்திட்டு நிறுத்துறேன்."

மாற்றிவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்குள் பெரும் சத்தத்தோடு தொட்டி, உறிஞ்சி முடித்த ஜூஸ் டப்பாவைப் போல ஒடுங்கிவிட்டது. கூரை சரிந்து உள்ளே விழுந்தது.

விசாரணை நடந்தது. "இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று கலியமூர்த்தி மெர்லினைப் பார்த்துக் கேட்டார். ததேயுவுக்குத் தாமதித்ததற்காகக் கண்டனம். இசக்கியப்பனுக்குத் துணிச்சலுக்காகப் பாராட்டு. காப்பாற்றப் போனவரைத் தடுத்தார் என்று மெர்லினை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். "என்னை விட்டிருந்தா தொட்டி தப்பிச்சிருக்கும்" என்று இசக்கியப்பன் இன்றும் சொல்கிறார்.

ஏறப் போனவர், தடுத்தவர், தாமதித்தவர். சொல்லுங்கள், அந்த நேரத்தில் இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தடுத்ததும் தாமதித்ததும் சரி. கத்தி முந்தியிருக்குமா, கூரை முந்தியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் மேல் ஓர் ஆளை ஏற்ற மெர்லின் சம்மதிக்கவில்லை. கொதிகலனைக் காயவிடத் ததேயு சம்மதிக்கவில்லை. இரும்பு போனால் போகட்டும் என்று துணிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். இசக்கியப்பனின் மனசு நல்லது, முடிவு தவறு. பெரிய தவறு இந்த மூவரிடமும் இல்லை. அதே இடத்தில் இப்போது புதுத் தொட்டி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரே ஒரு காற்றுக்குழாய்தான். வேறு பிரிவில் இருந்தாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெர்லின் அதே வால்வைக் கேட்டுக் கலியமூர்த்தியின் அறை வாசலில் போய் நிற்கிறார்.